தாய்க்குடி காக்காது, குளிசை காக்கும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பு மருமகன் யதுர்சனுக்கு,

கோணேசர் புண்ணியத்தில் மாமாவும் மாமி லோஜினியும் இங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தப் பனிக்கட்டி நோர்வேயில் அப்படியே இருக்க வேண்டுமென்று கேட்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் இடையில் வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம், மாமி இதைப் படம் பிடித்துப் போனில் அனுப்புவாள். இங்கே மழையென்றால் மழை, துறைமுகமே கரையேறி எங்கள் குசினி அடுப்படிக்கே வந்து தேத்தண்ணி கேட்டது. மாமி வைத்த மீன்குழம்பை நக்கிய பூனை உறைப்புத் தாங்காமல் ஓடி, தம்பலகாமத்தில் இரண்டு யானையைத் துரத்திவிட்டதாகக் கேள்வி. சிரித்துவிட்டாயா? போதும், இனிச் சிரிக்க ஒன்றுமில்லை.

போன கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "மாமா, உங்களுக்கு எச்.ஐ.வி. வந்து இருவது வருசத்துக்கு மேல. ஒரு மருந்துக் குளிசையும் போடாமக் கல்லு மாதிரி நிக்கிறியள். அம்மான்ர கூடப்பிறந்தவர் நீங்கள், நாங்கள் ஒரே குடி, தாய்வழி ரத்தம். உங்களுக்கு அடங்கின கிருமி எனக்கும் அடங்கும், நான் குளிசையை நிப்பாட்டிப்போட்டன்" என்றாய். எங்கள் வெருகல் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாயோடுதான் வரும், கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குடி கேட்பார்கள், எல்லாம் சரி. கிருமி குடி கேட்டுவிட்டா வருகிறது ராசா? பிரெட்றிக் கோட்டைப் பீரங்கியெல்லாம் என் நரம்புக்குள்தான் என்று உன்னிடம் அளந்தவனும் நான்தான், அந்த வாயைத் தைக்க வேண்டும்.

நேற்று கிளினிக் டொக்டரம்மாவிடம் போய் நீ சொன்னதை அப்படியே கேட்டேன். அவ சொன்னா, "ஐயா, கிருமி எத்தினை வேசம் மாத்தினாலும் மாத்த ஏலாத இடம் ஒண்டு ரெண்டு அதுக்கு இருக்கு. உங்கட வெள்ளையணு அந்த இடத்தைப் பாத்துப் பிடிக்குது. நூறு பேரில ஒருத்தருக்கும் இது வாய்க்கிறேல்ல. தாயிட்ட பாதி, தகப்பனிட்ட பாதி கலந்து வாறது, கூடப் பிறந்ததுக்கே ஒத்து வருமெண்டில்ல. உங்கட உடம்பிலயும் அது ஒழியேல்ல, ஒளிச்சுக் கிடக்கு, ஒருநாள் எழும்பலாம்" என்று. அதனால்தான் என்னையும் விடாமல் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கூடப் பிறந்தது என்றதும் எனக்கு இருக்க ஏலவில்லை. உன் சின்ன மாமா செல்லத்தம்பி நெஞ்சுச்சளியில் போனான் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். சளிதான், ஆனால் அந்தச் சளிக்குக் கதவு திறந்துவிட்டது இதே கிருமி. நானும் அவனும் ஒரே கப்பலில் வேலை செய்தோம், ஒரே கரைகளில் இறங்கினோம், அதற்குமேல் மருமகனுக்கு எழுத மாமனுக்கு வெட்கம். ஒரே தாய், ஒரே குடி, ஒரே கிருமி. நான் தின்று கொழுத்தேன், அவன் உருகினான். இந்தக் குளிசை எங்கள் கைக்கு வராத காலம். ஈச்சிலம்பற்று வீட்டில் அவனைத் தூக்கி வெயிலில் இருத்துவேன், பிழிந்த சாரத்துணியைத் தூக்குவதுபோல இருக்கும். நாக்கெல்லாம் வெள்ளை படிந்து தண்ணீர்கூட விழுங்க மாட்டான். "அண்ண, உனக்கு மட்டும் ஏன் ஒண்டுமில்ல?" என்று கேட்டான். வாயாடி என்று பெயரெடுத்த நான் அவனை வெயில் விழும் பக்கம் திருப்பி இருத்தினேன். செத்தபிறகு குளிப்பாட்டச் சொந்தத்தில் ஒருவரும் கிட்ட வரவில்லை, உன் அம்மாவும் நானும்தான். அவள் சாகும்வரை உனக்கு இதைச் சொல்ல விடவில்லை, இன்று அவள் பேச்சை மீறுகிறேன்.

இப்படி ஒரு குளிசை கிடைக்காதா என்று கிடந்து செத்தவன் அவன். நீ அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாய். நாளைக்கே உன் டொக்டரிடம் போ, நிறுத்தியதை ஒளிக்காமல் சொல், அவர் சொல்கிறபடி திரும்பத் தொடங்கு. ஏச்சு விழுந்தால் வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு, காது மூடித் தொப்பி போடு.

கோணேசரும் உன் அம்மாவும் உனக்குத் துணை நிற்கட்டும். "போட்டிட்டன் மாமா" என்று ஒரு சொல் அனுப்பு, அது வரும்வரை மாமி அடுப்பு மூட்டமாட்டாளாம், நானும் சோறு கேட்கப்போவதில்லை. இன்னொருத்தனைக் குளிப்பாட்ட என்னால் ஏலாது யதுர்சன்.

உன் மாமா,
சிவலோகன்