மூன்று பந்துகளைப் போட்டவர்

லிங்கன், நெப்ராஸ்கா
6 மே 1974

அன்புள்ள தம்பி வெண்டல்,

நலம்தானே? முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஊர் நூற்றாண்டு மலருக்காக நீ சரிபார்க்கச் சொன்னதைப் பார்த்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் பழைய செய்தித்தாள்கள் எல்லாம் இருக்கின்றன. பேஸ்பால் வீரர் ரூப் கேலஹன் காட்டுக்கோழி வேட்டைக்கு மூன்று தடவை நம் ஊருக்கு வந்தாராம். பொய். வந்தது ஒரே தடவை, 1926 அக்டோபரில், நம் ஊர் அணியோடு ஒரு காட்சி ஆட்டம் ஆட. மற்ற இரண்டு வருடமும் அந்த நாட்களில் அவர் கலிபோர்னியாவில் இருந்திருக்கிறார்.

இன்னொன்று. அவரை மூன்றே பந்தில் வெளியேற்றியது நம் அப்பா இல்லை. மறுநாள் பக்கத்து ஊர்த் தாளில் தெளிவாக இருக்கிறது: பந்து போட்டவர் ரயில்பாதைக் கூலி யூசேபியோ டராங்கோ. மட்டைக்குப் பின்னால் நின்று பிடித்தவர் ஆர்வில் லண்ட், அதாவது அப்பா. ஒரு வாரம் கழித்து நம் ஊர்த் தாள்தான் பந்து போட்டதே அப்பா என்று மாற்றி எழுதியது.

மலரில் திருத்திவிடு.

அன்புடன்,
அக்கா லோர்னா

மெரிடன்
13 மே 1974

அக்காவுக்கு,

மைதானத்து வாசலில் வைக்க அப்பா பெயரில் பலகை செய்து முடித்தாயிற்று. இப்போது வந்து இப்படி எழுதுகிறாய். உனக்கு அவர் அப்பா இல்லையா? மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது நான். நீ கிறிஸ்துமஸுக்கு வந்து போனாய். அவர் சாகும்வரை சொன்ன ஒரே பெருமைக் கதை அது.

முடிவெட்டும் கடையில் ஹார்லன் கேட்கிறான்: "உங்கக்கா நம்ம மானத்த வாங்கத்தான் அங்க சம்பளம் வாங்குதா?" நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு என்றைக்கு நம்மைப் பிடித்தது?

மலர் அப்படியேதான் வரும்.

வெண்டல்

லிங்கன்
17 மே 1974

வெண்டல்,

அப்பாவைப் பார்த்துக்கொண்டது நீதான். அதற்கு நான் உனக்கு என்றைக்கும் கடன்பட்டவள். அதற்காகப் பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன்.

அதே பக்கத்து ஊர்த் தாளின் அடுத்த பத்தியைப் படி, நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அன்று ஹோட்டலில் கேலஹனுக்கு விருந்து. மெக்சிகோக்காரர்களுக்கு உள்ளே இடம் கிடையாது என்பதால் டராங்கோ பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். அதை ஒரு தமாஷ் போல எழுதியிருக்கிறார்கள். அப்பா உள்ளே, கேலஹனுக்குப் பக்கத்தில். விருந்தில் இடம் மறுத்தார்கள், பிறகு பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள். அப்பா உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. நாற்பது வருடம் திறக்கவில்லை.

டராங்கோவின் மகள் கான்சுவெலோ மேற்கே கெரிங்கில் இருக்கிறாள். முகவரி கீழே. அந்தப் பலகையை நிறுத்துவதற்கு முன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா, பந்து போட்டது அவள் அப்பா இல்லை, நம் அப்பா என்று. உன்னால் முடிந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

லோர்னா

மெரிடன்
3 ஜூன் 1974

அக்கா,

போனேன். சண்டை போடத்தான் போனேன். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டும்போது என்னென்ன பேசுவது என்று மனப்பாடமே பண்ணியிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு உன் வயது இருக்கும். காபி கொடுத்து, "எங்கப்பாவப் பத்தியா? அவருக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். "அவரு பந்தையே தொட்டதில்லன்னாரே. எங்கண்ணன்மாரு விளையாடுனாக்கூட பாக்க மாட்டாரு, எந்திரிச்சு உள்ள போயிடுவாரு."

நகலைக் கொடுத்தேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். படிக்கட்டு விஷயம் வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"இதுல பிடிச்சவருன்னு இருக்கே, லண்ட். அது யாரு?"

"எங்கப்பா," என்றேன்.

நகலை மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு, "அவரு ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அவள் அப்பாவைக் கேட்டாளா, நம் அப்பாவைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பலகையை உடைத்துவிட்டேன். மலர்க் குழுவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. மலரில் நீ எழுதியபடியே வரும். இல்லையென்றால் மலரே வராது.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். கொஞ்ச நாள் எழுதாதே. நானே எழுதுகிறேன்.

வெண்டல்