நான் அடித்த நுளம்பு

ஜூலை 28, திங்கள்

மழை விட்டு வெயில். ஒடென்சேக்கு வடக்கே, கடலேரி ஓரச் சேற்று நிலத்தில் நுளம்புப் பொறி எடுக்கும் நாள். நானும், என் மேலாளரான டேனிஷ்காரி கேர்ஸ்டனும். (பெயர் நீளம். இனி கே.) ஒரு பொறியில் பற்றரி செத்துக் கிடந்தது. மற்றவை பரவாயில்லை.

இந்தக் குளிர் நாட்டுக் காட்டு நுளம்பு தனக்குள் என்னென்ன வைரஸ் வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. சொந்தக்காரரிடம் சொன்னால் சிரிப்பு. "டென்மார்க்கிலை நுளம்போ?" இருக்கிறது. கோடை கொஞ்ச நாள் என்று அதற்கும் தெரியும் போல, அவசர அவசரமாகக் கடிக்கும்.

கடைசிப் பொறியடியில் என் கையில் ஒன்று வந்து இருந்தது. பெரியது, காலில் வெள்ளை வளையம். கே. கண்ணாடிக் குழாயை மெல்லக் கவிழ்க்க வந்தார். அதற்குள் என் மற்றக் கை போய் விழுந்தது. பளார். யோசிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கை.

கே.: "இவ்வளவு நாளாய்ப் படிப்பிக்கிறன். இன்னும் அடிக்கிறாய்."

கே. எதையும் வீணாக்காத ஆள். நசுங்கியதைச் சாமணத்தால் எடுத்துத் தனிக் குழாயில் போட்டார். இலக்கம் 17. அதன் வயிற்றில் இரத்தம். என்னுடையது.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது. அதன் வயிற்றில் என் இரத்தம், என் வயிற்றில் பிள்ளை. பத்துக் கிழமை. எத்தனையோ வருடக் காத்திருப்பு. தெரிந்தது இரண்டு பேருக்கு: கணவர் தயா, அம்மா. கோல்டிங்கிலிருந்து அம்மா போடும் ஒரே சட்டம்: "மூண்டு மாதம் முடியுமட்டும் வெளியிலை வாய் திறக்கப்படாது, பிள்ளை. நாவூறு படும்."

கே.இடம் சொல்லியிருந்தால் என்னைச் சேற்றுக்குள் இறங்கவே விட்டிருக்கமாட்டார். இந்த நாட்டில் அப்படித்தான். நான் வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.

ஜூலை 30, புதன்

குளிர். வெளியே காற்று. பகல் முழுக்க ஐஸ் தட்டில் நுளம்பு பிரித்தல். இனம் இனமாக, கண் வலிக்க.

கோப்பி வாசம் தாங்கவில்லை. யன்னலைத் திறந்தேன். கே. பார்த்தார். "காற்று வேண்டும்" என்றேன். வெளியே புயல் மாதிரி அடிக்கிறது, யாருக்குக் காற்று வேண்டும்?

இரவுச் சாப்பாடு: பாண், சம்பல். சோறு கொதிக்கிற மணமே ஆகாது. தயா தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலேயே ஏதோ சாப்பிட்டு வருகிறார். பாவம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் வேலையிடத்தில் பாண், சீஸ், கேக். கேக் மட்டும் இறங்கியது.

பதினொரு மணிபோல் சோதனை முடிவு. ஃபிளாவி வைரஸ் குடும்பத்துக்கான பொதுச் சோதனை. மற்றக் குழாய்கள் எல்லாம் பேசாமல் கிடக்க, 17இன் கோடு மட்டும் திரையில் எழும்பியது: வைரஸ் இருக்கிறது.

குழாயின் இலக்கத்தை இரண்டாம் தரமும் பார்த்தேன்.

இந்தக் குடும்பத்தில்தான் டெங்கு. வயிற்றுப் பிள்ளையைத் தாக்குகிற ஸிகா. வெஸ்ற் நைல். நுளம்புக்குள்ளேயே பிறந்து நுளம்போடேயே செத்துப்போகிற, மனிதரைத் திரும்பியும் பாராத சாதுக்களும் இதே குடும்பம்தான். இந்தச் சோதனை குடும்பப் பெயரை மட்டும் சொல்லும். ஆள் யார் என்று தெரிய, மரபணு வரிசையை முழுக்க வாசிக்க வேண்டும்.

இந்தக் குளிரில் சாது ரகமாக இருக்கத்தான் வாய்ப்புக் கூட. எனக்குத் தெரியும். வேறு யாரும் வந்து கேட்டால் விளங்கப்படுத்தி, தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பியிருப்பேன். என் வயிறு என்றதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

"எப்ப வாசிச்சு முடியும்?" என்று கே.இடம் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"விடுமுறைக் காலம். ரெண்டு கிழமை ஆகலாம்." பிறகு என் கோப்பையைப் பார்த்தார். அதில் வெறும் தண்ணீர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில். தயாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"காய்ச்சல் இருக்கே?"
"இல்லை."
"தலையிடி?"
"இல்லை. இப்பிடிக் கேட்டுக்கொண்டிருந்தால் வரும்."

கடித்த இடத்தைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை, சாதாரணத் தடிப்பு. பிறகு தேர்மாமீற்றர். பின்னேரம் திரும்பவும் தேர்மாமீற்றர். நித்திரையாய்க் கிடந்தவளை எழுப்பி இன்னொருமுறை.

"உம்மடை மேலாளரிட்டைச் சொன்னால் கெதியாய்ப் பார்ப்பா தானே?"
"அம்மா...?"
"மாமிக்கு நான் பதில் சொல்லுறன்."

சொல்லமாட்டார். அம்மாவுக்கு முன்னால் வாய் வராது அவருக்கு.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பொறி எடுக்க என்னைக் கூட்டிப்போகவில்லை. மாணவி ஒருத்தியைக் கூட்டிப்போனார் கே. "நீ இஞ்சை இருந்து பிரி." நுளம்பை அடித்ததற்குத் தண்டனையாக்கும். ரோஷம் வந்தது. பிறகு சேற்றுக்குப் போகாதது நல்லது என்றும் வந்தது. இரண்டும் சேர்ந்து அழுகை. கழிவறையில் ஐந்து நிமிடம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லிவிடுவது என்று தீர்மானித்து கே.இன் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே போனேன். ஒட்டுநாடா இருக்கிறதா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது என் மேசையில் மூன்று ஒட்டுநாடா.

வாங்க வேண்டியது: இஞ்சி, தேசிக்காய், உப்புப் பிஸ்கற், மொட்டைமாடித் தொட்டிக்கு மண்.

ஆகஸ்ட் 9, சனி

காலை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போன். கே.

டேனிஷ்காரர் சனிக்கிழமை வேலைக்கதைக்குப் போன் எடுக்கமாட்டார்கள். வீடு எரிந்தாலும் திங்கள் மின்னஞ்சல்தான். பெயரைத் திரையில் பார்த்ததும் கரண்டியைத் தயாவிடம் நீட்டினேன். தயா கையிலிருந்து தோசைக்கரண்டி விழுந்தது.

"பதினேழை வாசிச்சாச்சு. நுளம்பு வைரஸ். நுளம்புக்கை மட்டும் இருக்கிறது. மனுசருக்கை வளராது. கேக்குதா? வளராது."

போனைத் தயாவுக்கும் கேட்கும்படி பிடித்தேன்.

"அதுக்குள்ளை வேறையும் நாலைஞ்சு கிடக்கு, சிலதுக்குப் பேர்கூட இல்லை. ஒண்டும் எங்களைத் தொடுற ரகம் இல்லை. ஒரு சின்ன நுளம்புக்கை எவ்வளவு சனம் பார்!"

"இதைத் திங்கள் சொல்லியிருக்கலாமே?"

"திங்கள் வரைக்கும் நீ தாங்கமாட்டாய். புயலுக்கை யன்னல் திறக்கிறாய், நாளுக்கொரு ஒட்டுநாடா கேக்கிறாய். நான் மூண்டு பெத்தனான். பதினேழை வரிசையிலை முன்னுக்குப் போட்டிட்டன். சேத்துக்கு இனி வராதை."

அழுதேன். சத்தமாக. அடுப்பில் தோசை கருகி, புகை எச்சரிக்கைமணி அலற, தயா துவாயால் அதை விசிறிக்கொண்டு தானும் அழுதார். இப்படி ஒரு ஆறுதல் எனக்கு எப்போது கடைசியாக வந்தது என்று நினைவில்லை. உடம்பே கழன்று விழுந்த மாதிரி. கருகிய தோசையை இரண்டு பேரும் சாப்பிட்டோம். நல்ல ருசி.

அம்மாவுக்குப் போன். கே.க்குத் தெரிந்துவிட்டது என்று பயந்து பயந்து சொன்னேன்.

அம்மா: "அவள் டேனிஷ்காரி தானே. அவளின்ரை கண் படாது."

பத்து நிமிடத்தில் இஷொய் என்ற ஊரில் இருக்கும் சின்னம்மாவிடமிருந்து குறுஞ்செய்தி. பிள்ளைத்தாச்சி என்ன சாப்பிட வேண்டும் என்று முழுப் பட்டியல். அன்னாசி தொடாதே, பப்பாசி தொடாதே.

அம்மாவைத் திரும்ப எடுத்தேன். "நான் ஆருக்குச் சொன்னனான்? தங்கச்சிக்கு மட்டும்தான். நீ சொன்ன அண்டைக்கே."

அன்றைக்கே! நான் இங்கே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெக்கை. ஆஸ்பத்திரியில் ஸ்கான். தயா நேர்முகத் தேர்வுக்குப் போவதுபோல் சேர்ட் போட்டு வந்தார்.

வயிற்றில் குளிர்ந்த களிம்பு. திரையில் முதலில் சாம்பல் மட்டும். பிறகு தலை. முதுகு. இதயம், விடாமல் துடித்துக்கொண்டு. தாதி அளந்து அளந்து, எல்லாம் சரி, எல்லாம் சரி என்றார். அந்த இரண்டு சொல்லையும் எத்தனை தரமும் கேட்பேன்.

அப்போது சின்னக் கை ஒன்று மேலே போய், நின்று, சட்டென்று கீழே விழுந்தது.

தயா திரையைவிட்டுக் கண் எடுக்காமல்: "பாரும், நுளம்பு அடிக்குது."

அசையாமல் படுக்கச் சொன்னார் தாதி. சிரிப்பில் எங்கே முடிந்தது.