எழுத்துமூலம் உயிரோடு இருக்கிறேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றாலும் இதைப் படித்து முடிப்பதற்குள் சுகமாகிவிடுவாய். இங்கே அப்பா நலம், முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே மழையைச் சொல்லிவிடுகிறது. நான் நலமோ நலம். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் எழுத்துமூலம், முத்திரையோடு, அதிகாரி கையெழுத்தோடு உயிரோடு இருக்கிறேன்! போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு அம்மா அப்புறம் பேசறேன்னு சொல்லுவாய், அந்த அப்புறம் வருவதற்குள் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அதோடு உனக்கு ஒரு தாளும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே உறைக்குள் கையை விட்டுத் துழாவாதே.

உனக்கு ஏழு வயதில் நாம் அந்தப் பிரார்த்தனைச் சபையை விட்டு வெளியே வந்தோம். உன்னை வெளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன் என்பதுதான் நான் செய்த மகா பாவம். அந்தச் சபையைப் பொறுத்தவரை விட்டுப் போனவர் என்று உலகத்தில் ஒருவருமே கிடையாது, ஏனென்றால் பதிவேட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை. இருப்பவர், இறந்தவர், இரண்டே கட்டம். அதனால் வாசலைத் தாண்டிய அன்றைக்கே நாம் மூன்று பேரும் இறந்தவர் கட்டத்தில் போய் உட்கார்ந்தோம். இறந்தவரோடு பேசக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது, அவரைப் பற்றி நலம் விசாரிக்கவும் கூடாது என்று விதி. இந்தப் பதிவேடு யார் பொறுப்பில் இருந்தது என்று உனக்கே தெரியும், உன் பெரியம்மா, என் கூடப்பிறந்த அக்கா. காலமானார், காலமானார், காலமானார் என்று மூன்று பேருக்கும் அவள் கையாலேயே எழுதினாள். இருபத்திரண்டு வருடம் ஒரே ஊரில் இருந்துகொண்டு, கடைத்தெருவில் எதிரே வந்தால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு தடவை வழியை மறித்தே நின்றுவிட்டேன். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போகிற மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் அழுத அழுகை உன் அப்பாவுக்குத்தான் தெரியும்.

இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது, கேள். யாரைப் பற்றி யார் எழுதி வைத்திருந்தாலும், அது கம்பெனியாக இருக்கட்டும் ஆஸ்பத்திரியாக இருக்கட்டும் சாமி பெயரைச் சொல்லும் சபையாகவே இருக்கட்டும், சம்பந்தப்பட்ட ஆள் கேட்டால் காட்ட வேண்டும், தப்பாக இருந்தால் திருத்த வேண்டும், விட்டுப் போனவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. எங்கள் பல்செட் பட்டறைக்கு ஒரு வக்கீல் வருவார், அவருடைய மேல்வரிசை முழுக்க நான் செய்ததுதான், அதை மாட்டிக் கடித்துப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். என் கையிலிருந்த மெழுகு அச்சு நழுவிக் கீழே விழுந்துவிட்டது. அன்றைக்கே சபைக்கு எழுதிப் போட்டேன். பதினெட்டாம் நாள் பதில் வந்தது. என்ன வந்தது தெரியுமா? மறைந்தவரின் வாரிசுகளுக்கு என்று ஆரம்பித்து, எங்கள் ஏடுகளின்படி விண்ணப்பதாரர் காலமாகிவிட்டபடியால் அன்னாரின் கோரிக்கையை ஏற்க இயலவில்லை, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று முடித்திருந்தார்கள்! என் சாவுக்கு எனக்கே அனுதாபம்! உன் அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது, நான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். நீங்களும் எழுதிக் கேளுங்கள் என்றால், நான் செத்தவனாவே இருந்துக்கறேன், கூட்டத்துக்கு வான்னு எவனும் கூப்பிட மாட்டான் என்கிறார். அவரை விடு, அவர் எப்போதும் அப்படித்தான்.

நான் விடுவேனா? அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தகவல் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. அங்கே இருந்த அதிகாரிப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள். உட்காருங்கம்மா, மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, நீங்க உயிரோடதான் இருக்கீங்கன்னு முதல்ல நான் எழுதிக்கறேன் என்றாள். அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு சபைக்கே வந்துவிட்டாள். அதே பதிவறை, அதே இரும்பு அலமாரிகள், மேசை விரிப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். பெரியம்மா வந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டதடா. என் பக்கம் திரும்பவே இல்லை, விதி இருக்கிறதே! சொல்ல வேண்டியதையெல்லாம் அதிகாரியிடமே சொன்னாள். வந்திருக்கறவங்க இங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க என்பாள், நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நானும் சளைத்தவளா? பேனா எழுதலைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க என்றேன். பாவம் அந்தப் பெண், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று திண்டாடிவிட்டாள்.

என் கோப்பைப் பார்த்தேன். சேர்ந்த நாள், கல்யாணம், நீ பிறந்தது, அப்புறம் பிரார்த்தனையில் கொட்டாவி, மூன்று முறை எச்சரிக்கப்பட்டது. அவ்வளவுதான் என் சரித்திரம். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே காலமானார், தேதியோடு. செயலாளர் வந்து, இது உடம்போட சாவு இல்லம்மா, ஆன்மாவோட சாவு என்று நீட்டி முழக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆன்மா விஷயத்துல நான் தலையிடலை ஐயா, ஆனா இவங்க செத்துட்டாங்கன்னு நீங்க தேதி போட்டிருக்கீங்க, மறுநாளே இவங்க பல்செட் பட்டறையில வேலைக்குச் சேர்ந்திருக்காங்க, செத்தவங்க வருகைப் புத்தகத்துல கையெழுத்துப் போடுவாங்களா என்று நகலை எடுத்து மேசையில் வைத்தாள். முப்பது நாள் கெடு கொடுத்தாள். இருபத்தொன்பதாம் நாள், அதாவது செவ்வாய்க்கிழமை, திருத்திய பக்கத்தின் நகல் தபாலில் வந்தது. காலமானார் என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே, தவறான பதிவு, உயிருடன் இருக்கிறார், சபையிலிருந்து விலகியவர் என்று என் அக்காவின் குண்டுக் கையெழுத்து! அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் குதித்தேன், நம்பினால் நம்பு. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கும் மேலே கேள். வியாழக்கிழமை காலை, பட்டறைக்குக் கிளம்பிச் செருப்பில் ஒரு காலை நுழைத்திருக்கிறேன், போன் அடித்தது. எடுத்தால், யார் எவர் என்று ஒன்றுமில்லை, விதிப் புத்தகத்த ரெண்டு தடவை முழுசாப் படிச்சுட்டேன், செத்தவங்களோட பேசக் கூடாதுன்னுதான் இருக்கு, விலகினவங்களப் பத்தி ஒரு வரிகூட இல்லை, அதனால பேசலாம் என்று ஒரே மூச்சில் ஒரு குரல். உன் பெரியம்மாவேதான்! உடனே, ஏண்டி இப்படி இளைச்சுப் போயிட்டே, அன்னிக்குப் பார்த்ததுலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை என்றாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் எப்போதடா என்னைப் பார்த்தாள்? அழுதேன். பிறகு வயிற்றெரிச்சல் தீரத் திட்டினேன், ஏழு வயசுக் குழந்தைக்குக் காலமானார்னு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது என்று கேட்டேன். கை வரலைதான், ஆனா எழுதினேன், எழுதினது தப்பு என்றாள். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினோம், பட்டறையில் முதலாளியம்மாவிடம் தாமதத்துக்குக் காரணம் சொன்னபோது அவளே ஒரு மூச்சு அழுதுவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

இனிதான் உன் விஷயம். பேச்சோடு பேச்சாக நான், பையன் இப்ப துறைமுகத்துல என்று வாயெடுத்தேன். சொல்லாதே, அந்த வரி இன்னும் திருத்தலை என்று வெட்டினாள். அப்புறம் ஆபீஸ் குரலில், அந்த வரிக்கு உரியவர் மேஜர் ஆயிட்டார், அவரேதான் எழுதிக் கேட்கணும், தாய் கேட்டா செல்லாது, விண்ணப்பத்துல பக்கம் இருநூத்துப் பன்னிரண்டு, வரி ஒன்பதுன்னு போட்டா தேட வேண்டியதில்லை, அன்னிக்கே எடுத்துடலாம் என்றாள். புத்தகத்தைப் பார்த்தா சொல்றே என்று கேட்டேன். வீட்லேருந்து பேசறேன், புத்தகம் இங்க ஏது என்றாள். இன்னொன்றும் சொல்கிறேன். அதிகாரியோடு பதிவறைக்குப் போன அன்றைக்கு அலமாரியில் உன் கோப்பையும் பார்த்தேன். என்னுடையது விரல் கனம்கூட இல்லை, உன்னுடையது கயிறு போட்டுக் கட்ட வேண்டிய அளவு. ஏழு வயதில் செத்துப்போனவனுக்கு அத்தனை தாள் எதற்கு? அடியில் இருந்ததெல்லாம் பழுத்துப் போயிருந்தது, மேலே இருந்தவை வெள்ளை வெளேரென்று புதுத் தாள். இத்தனை வருடமும் எதையோ சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். கையை நீட்டினேன், அது அவர் மட்டும் பார்க்க வேண்டியது என்று அதிகாரிப் பெண் தடுத்துவிட்டாள். சட்டம் என்றால் எனக்கும் சட்டம்தானே.

அந்தப் புத்தகத்துல நான் செத்தே இருக்கட்டும் என்று நீ ஒரு தடவை சொன்னாய். உன் கோபம் நியாயம். எட்டு வயதில் அவள் வீட்டு வாசலில் போய் நின்று பெரியம்மா பெரியம்மா என்று கூப்பிட்டு, கதவு திறக்காமல் நீ திரும்பி வந்ததை நான் மறந்துவிடுவேனா? அவளை மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. உன் பெயரைத் திருத்தச் சொல்லி எழுதுகிறேன். எழுதின கையே அதை அடிக்கட்டும். அதற்குப் பிறகு அவள் போன் பண்ணி நீ பேசமாட்டேன் என்றால், பேசாதே, அது உயிரோடு இருக்கிறவன் எடுத்த முடிவு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

இப்போது உறைக்குள் கையை விடு. விண்ணப்பம் இருக்கிறது, எல்லாம் நிரப்பிவிட்டேன், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் மட்டும் கையெழுத்து வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே போடு, அவசரத்தில் கிறுக்கி வைக்காதே, அடையாள அட்டை நகலையும் சேர்த்து அனுப்பு. கிரேனில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காதே, பசிக்கும்போது சாப்பிடு, வேலை முடிந்ததும் சாப்பிடலாம் என்று தள்ளாதே. உடம்பில் தெம்போடும் மனசில் தெளிவோடும் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். இந்த வாரமே தபாலில் போட்டுவிடு. பெரியம்மா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, விதி. பதிவறைக்குத் தபால் காலை பத்தே காலுக்கு வரும், நானே வாசல்ல நின்னு வாங்கிக்குவேன் என்று மட்டும் போனை வைப்பதற்குள் மூன்று தடவை சொன்னாள்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா