கொடுத்த காலாள்

ரங்கூன்

அப்பச்சி அவர்களுக்கு வயிரவன் வணங்கி எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் கால்வலி தேவலையா?

பத்திரிகையில் வந்த ஒரு சதுரங்க ஆட்டத்தை நானும் என்னோடு வேலை பார்க்கும் கீழச்சிவல்பட்டி முத்தப்பனும் பலகையில் ஆடிப் பார்த்தோம். தொடக்கத்திலேயே வெள்ளை ஒரு காலாளைச் சும்மா கொடுத்திருந்தது. காரணம் விளங்கவில்லை.

"அவசரப்படாதீக, காய்ச்சல் விடட்டும், சேந்து பாப்போம்" என்றார் காய்ச்சலில் படுத்திருந்த முத்தப்பன்.

காய்ச்சல் விடவில்லை. வியாழக்கிழமை இறந்துவிட்டார். நான்தான் கொள்ளி வைத்தேன். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

நேற்றுக் காரணம் விளங்கியது. யானைக்கு வழி திறக்கத்தான் அந்தக் காலாள். சொல்ல ஆளில்லை.

கப்பலில் யாராவது வந்தால் கொஞ்சம் நார்த்தங்காய் கொடுத்துவிடுங்கள். சதுரங்கம் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

அவர் வீட்டுக்குத் தந்தி வேண்டாமென்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். முத்தப்பனின் ஆத்தாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். நோவில்லாமல் போனார் என்று சொல்லுங்கள். உண்மை என்னோடு இருக்கட்டும்.

கப்பலுக்குத் தபால் கட்டுகிறார்கள், இத்தோடு நிறுத்துகிறேன்.

வயிரவன்