முப்பிடாதியின் கூடை

ஜூலை 3, 2025, வியாழன்

காலையிலிருந்து மேகம் கூடிக் கூடிக் கலைந்துவிட்டது. குழாயிலும் தண்ணீர் வரவில்லை. கனடாவிலிருந்து ஜானட் மட்டும் போனில் வந்துவிட்டாள்.

பி.காம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் உத்தரவு: படிப்பு முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு, ஒவ்வொருத்தியும் ஒரு போட்டோ, நாலு வரி, இப்போ எங்கே என்ன செய்கிறோம் என்று போடணுமாம். மதியத்துக்குள் கொட்டித் தள்ளிவிட்டார்கள். ஷாலு பெங்களூரில் ஆடிட்டர். நவ்ரீனுக்கு வேளச்சேரியில் சொந்தக் கேக் கடை. தஹ்சீன் மட்டும், "வண்ணாரப்பேட்டை. வாப்பா கடை. நிம்மதி" என்று முடித்துவிட்டாள். அவள் எப்பவும் அப்படித்தான்.

நான் என்னத்தை எழுத? காசிமேட்டில் மாமியாரோடு மீன் ஏலம் கூவுகிறேன் என்றா?

எழுதியது: "கடல் உணவு கம்பெனியில் சேல்ஸ். வீட்டுக்காரர் ஷிப்பிங்கில்." வெற்றி விசைப்படகில், நாள்கணக்காகக் கடலிலேயே கிடந்து பிடிக்கிற தங்கலுக்குப் போயிருக்கிறார், டவர்கூட இல்லாத இடத்தில். படகும் கடலில்தானே மிதக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போட்டோ, தங்கச்சி கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் அத்தை நின்றார். வெட்டிவிட்டுப் போட்டேன்.

ஜூலை 5, சனி

நவ்ரீன் நாளைக்குக் காசிமேட்டுக்கு மீன் வாங்க வருகிறாளாம். "சௌமி, நீ அந்தப் பக்கம்தானே, கூட வாடி, என்னை ஏமாத்திடுவாங்க." பெங்களூரில் மீட்டிங் என்று போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்! உடனே ஷாலு, "பெங்களூரா? எங்க வீட்டுக்கு வா" என்கிறாள். பதில் போடவில்லை. எனக்கு இந்த வேலை தேவையா?

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

அத்தைக்குப் போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். அதிலிருந்து கூவுவது நான். பக்கத்தில் நின்று யார் கை தூக்குகிறான், யார் நழுவுகிறான் என்று பார்த்துத் திட்டுவது மட்டும் அவர். காலேஜில் பாதி வகுப்புக்கு ப்ராக்ஸி கொடுத்த தொண்டை எனக்கு. இங்கே அதுதான் சோறு போடுகிறது. எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு: கூவுகிறவள் வாயை மூடினால் ஏலம் முடிந்தது. கடைசியாகக் கேட்டவனுக்கே கூடை. அப்புறம் அழுதாலும் மாற்றமுடியாது.

இன்று முப்பிடாதியின் கூடை. நல்ல வஞ்சிரம். அவள் புருஷனின் பைபர் படகு இன்ஜின் பழுதாகிக் கரையிலேயே கிடந்து, இப்போதுதான் கடலுக்குப் போய் வந்திருக்கிறது. நான் கூவிக்கொண்டிருக்கிறேன், விலை ஏறிக்கொண்டிருக்கிறது. திரும்பினால், பின்னால் கூட்டத்துக்கு நடுவே ஒரு கை, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நவ்ரீன்.

வாயை மூடிவிட்டேன். தலையில் போட்டிருந்த துண்டை முகத்தில் இழுத்துக்கொண்டு ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். அவ்வளவுதான். ஒரு ஹோட்டல்காரன் பாதி விலைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

"இன்னாமே, வாய்க்குப் பூட்டா போட்டுக்கினே? இன்னும் கை தூக்கிக்கினு நிக்கிறானுங்க, நீ நிறுத்திட்டியே!" முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தை குறுக்கே வந்தார். "அவள ஒண்ணும் சொல்லாதமே. நாந்தான் போதும்னு கிள்ளினேன். வயசாயிடுச்சு, நெதானம் தப்பிப் போச்சு."

அத்தை என்னைக் கிள்ளவே இல்லை.

ஜூலை 7, திங்கள்

நவ்ரீன் வீடியோவைக் குழுவில் போட்டிருக்கிறாள். நான் முதுகு காட்டி நிற்கிறேன், துண்டுதான் தெரிகிறது. குரல் என்னுடையது. அத்தை முகம் முழுசாகத் தெரிகிறது, வாயைத் திறந்து எவனையோ திட்டிக்கொண்டு. ஷாலு அந்த முகத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்துவிட்டாள். அடியில் "போடாங்" என்று எழுத்து. ஜானட், "கூவுற பொம்பளை தொண்டையைக் கேளுங்கடி, கப்பல் ஹாரன்!" என்கிறாள். ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள்.

நானும் சிரிப்புப் பொம்மை போட்டேன். பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று. என் குரலுக்கு. என் அத்தை முகத்துக்கு. சீ, நானெல்லாம் ஒரு பொம்பளையா!

ஜூலை 9, புதன்

முப்பிடாதி தன் கூடையை எதிர் வரிசையில் ஏலம் விடும் கருணாகரனிடம் கொண்டுபோய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு படகுக்காரர்களும். கூடை வராவிட்டால் எங்களுக்கு அங்கே இடமே இல்லை. அத்தை காலி இடத்தில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

ஜூலை 11, வெள்ளி

வெற்றி கரைப் பக்கம் வந்ததும் போன் பண்ணினார். என் போனை அத்தைதான் எடுத்தார். பேசிவிட்டுத் திரையைத் தடவியவர் கையில் அந்தக் குழு திறந்துகொண்டது, ஷாலு மறுபடி போட்டிருந்த ஸ்டிக்கரோடு.

"இன்னாடி இது, நானா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தையோ இருமல் வரும்வரை சிரித்தார். "பல்லு ஒண்ணு இல்லாததுகூட தெரியுது பாரேன். யாரு செஞ்சது?"

"என்கூடப் படிச்சவங்க, அத்தை."

"காலேஜ் தோஸ்துங்களா? மார்க்கெட்டுக்கா வந்தாங்க? ஏண்டி சொல்லல? நல்ல மீனா எடுத்துக் குடுத்திருப்பேனே. வூட்டுக்கு இட்டாந்து சோறு போட்டிருக்கலாமே..."

பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"அதுக்கா அன்னிக்கு வாய மூடினே?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? அத்தை போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். துறைமுகத்தையே திட்டுகிற வாய். எனக்கு மட்டும் ஒன்றுமே இல்லையா? சாப்பிடும்போது ஒன்று கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு நல்ல மீனு கெடைச்சிதாமா?"



ஜூலை 12, சனி

வெட்டாத போட்டோவைக் குழுவில் போட்டேன். "பக்கத்தில் நிற்பவர் என் மாமியார் அங்கம்மா. ஸ்டிக்கரில் இருப்பதும் அவர்தான். கூவினது நான். பெங்களூருக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போகிறார்."

எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்தது.  ஷாலு நேற்று போட்ட ஸ்டிக்கர் இருந்த இடத்தில் "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்று வந்தது.

சாயங்காலம் தஹ்சீன் தனியாகக் கூப்பிட்டாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. வீடியோவுல மொத சத்தத்திலயே. எனக்குப் பதிலா பிரசென்ட் மேம் சொன்ன தொண்டையாச்சே."

"அப்போ ஏன் சொல்லலை?"

"நீயே சிரிச்சு வெச்சிருந்தியே. நான் இன்னா சொல்ல?"

அவள் ஒருத்தி தெரிந்துகொண்டே என் சிரிப்பைப் பார்த்திருக்கிறாள். போனை வைத்த பிறகும் காது சுட்டது.

ஜூலை 20, ஞாயிறு

தஹ்சீன் வந்தாள். பின்னால் நவ்ரீனும், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு. நான் நடு ஏலத்தில் இருந்தேன். அவர்களைப் பார்த்ததும் கை ஒரு கணம் துண்டுக்குப் போனது, பொய் சொல்ல மாட்டேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் உரக்கக் கூவினேன். கூடை முடியும்வரை நிறுத்தவில்லை. எதிர் வரிசையில் முப்பிடாதி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவ்ரீன் அத்தையிடம், "சாரி ஆன்ட்டி" என்றாள். அத்தை, "அத வுடு கண்ணு, சங்கரா வோணுமா, வவ்வாலு வோணுமா?" என்றார்.

ஜூலை 21, திங்கள்

முப்பிடாதி வந்தாள்.  கூடையை என் முன்னால் இறக்கிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். கானாங்கத்தை, பாதிக் கூடைதான். மீதியைக் கருணாகரனிடம் கொடுத்திருப்பாள். கொடுக்கட்டும்.

கூவினேன். விலை ஏறி ஓரிடத்தில் நின்றது, இதுதான் முடிவு என்று மூச்சு வாங்கப் போனேன். இடுப்பில் சுளீர் என்றது. அத்தை, இந்தத் தடவை நிஜமாகவே கிள்ளினார்.

"இன்னும் ஏத்துடி."