சாமுவின் ஃபைட்டருக்கு ஒரு துணை

என் சாமுவுக்கு,

நீ விழுந்தபோது உன் மீன் விழித்திருந்ததா? எனக்குப் பதில் தெரியவில்லை. என் கல்லூரி மாணவர்கள் யாராவது கேட்டிருந்தால், மீனுக்கு இமையே கிடையாது, கேள்வியே தவறு என்று சொல்லியிருப்பேன். உன்னிடம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. நீ தனியாக இருந்த புதுப்பட்டினத்து வீட்டுக் கதவை மறுநாள் உடைத்து உன் உடலை எடுக்கும்வரை உன்னோடு இருந்தது அது ஒன்றுதான்.

அந்த நீல ஃபைட்டர் மீன் இப்போது செங்கல்பட்டில், நம் வீட்டு டீவி மேசையில் இருக்கிறது. தண்ணீர்க் கேனில் விட்டு, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தேன். காலை ஜெபம் முடிந்ததும் அம்மா, சட்டம் போட்ட உன் போட்டோவைத் தொட்டியில் சாய்த்து வைப்பாள். மீன் பாய்ந்து வந்து செவுளை விரிக்கும். துடுப்பையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு போட்டோவுக்கு எதிரே இப்படியும் அப்படியும் அலையும்.

"இன்னாடி, பாத்தியா? அவன அடையாளம் கண்டுக்கிச்சி."

ஆவி, பேய் எதையும் நான் நம்பியதில்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் கூடத்துக்குள் போகக் கால் தயங்கும். நீ அங்கே யாருடனோ பேசிக்கொண்டிருப்பது போலவும், நான் இடையில் நுழைவது போலவும் இருக்கும்.

போன வாரம் அது தீனியை நிறுத்திவிட்டது. வால் ஓரம் கிழிந்திருந்தது.

"தனியா கீது, ஏங்கிப் போச்சி. ஒரு தொணை வாங்கி வுடு. அவனத்தான் தனியா வுட்டோம், இதையுமா?"

அம்மா என் பெயரைச் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு வரச் சொல்லி நீ கூப்பிட்டபோது, விடைத்தாள் திருத்த வேண்டும் என்றவள் நான்தானே?

சனிக்கிழமை உன் வீட்டுச் சாவியை ஓனரிடம் கொடுக்கப் போனபோது, நீ மீன் வாங்கிய கடைக்கும் போனேன். துணைக்கு விட, சிவப்பு வால் கப்பி மீன் இரண்டு ஜோடி கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், சண்ட கட்டி வுடப் போறீங்களா? வாலு பெருசா, கலரா இருந்தா, இன்னொரு ஃபைட்டர்னு நெனச்சிக் கிழிச்சிடும்."

"அப்போ கோரி?" நெட்டில் படித்ததைச் சொன்னேன்.

"அது தரையில மேயுற மீனு, வம்பு வராது. ஆனா கொறஞ்சது ஆறு ஒண்ணா இருக்கணும். உங்க தொட்டி இருபது லிட்டரா? பத்தாது. ஒரு நத்தைய வுடுங்க. அதையும் கொத்துச்சின்னா எடுத்துடுங்க."

பிறகு என் போனில் இருந்த, வால் கிழிந்த மீனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தொட்டி பக்கத்துல கண்ணாடி எதுனா கீதா? தன் மூஞ்சியவே பாத்து டெய்லி சண்ட போட்டுகினு இருந்தா இப்பிடித்தான் ஆவும்."

இல்லை என்றேன். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியபோதுதான் உன் போட்டோச் சட்டத்தின் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

அது காட்டியது பாசம் இல்லை, கோபம். உன் முகத்தின்மேல் தெரிந்த தன் பிம்பத்தோடு அது தினமும் போராடியிருக்கிறது. வேதியியல் நடத்துகிறவள் எப்படிக் கவனிக்காமல் போனேன்? யாராவது உன்னை அடையாளம் கண்டுகொள்வது எனக்கும் வேண்டியிருந்தது, சாமு.

நத்தையைத் தொட்டியில் விட்டேன். "இதுவா தொணை? மூஞ்சியே தெரியல," என்றாள் அம்மா. மீன் ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. கண்ணாடி விஷயத்தைச் சொன்னால் அம்மாவிடமிருந்து உன்னை மறுபடி பறிக்கிறேன். சொல்லாவிட்டால் உன் மீன் செத்துப்போகும்.

நாளைக் காலை ஜெபத்துக்கு முன்பே சொல்லிவிடுவேன். உன் மீனைச் சாக விடமாட்டேன். இது என் வாக்கு.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சொன்னேன்.

"அப்போ அது அவனப் பாக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

அம்மா சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்து ஆணிகளைக் கத்தியால் நெம்பி, கண்ணாடியை உருவினாள். வெறும் போட்டோவைத் தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். மீன் செவுளை விரிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் நான் போட்ட நாலு உருண்டைத் தீனியில் மூன்றைத் தின்றது. "அம்மா, சாப்பிடுது, வந்து பாரு," என்று கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

உன் அக்கா