மூன்று பெட்டிக்குத்தான் பிளாட்பாரம்

புதுச்சேரி,
28.05.2025, புதன்கிழமை.

அன்புள்ள ஆனந்தமேரிக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். உன் கணவன் பிரகாசம் எழுதுவது. இங்கே நான், பூனை, என் வலது முழங்கால் மூவரும் இருக்கிறோம். அங்கே நீயும், மகள் ஜெர்லினும், மாப்பிள்ளை மரிய அருணும், எல்லோருக்கும் மேலாக நம் பேத்தி மெரினும் சுகமாக இருக்க வேண்டும்.

தினமும் வீடியோவில் பார்க்கிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் தும்மினால் பிரான்சிலிருந்து மாப்பிள்ளை, “மாமா, கஷாயம் குடிங்க” என்கிறார். சம்பந்தியம்மா பின்னால் நின்று தலையாட்டுகிறார். இத்தனை பேர் நடுவில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. இதை நீ மட்டும் படி. கையில் குழந்தை இருந்தால் படுக்க வைத்துவிட்டுப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. பெரிய மார்க்கெட்டில் மீன்காரி தையல்நாயகி என்னைக் கண்டால் மீனைக் காட்டுவதில்லை, “அக்கா எப்ப வரும்?” என்றுதான் கேட்கிறாள். சங்கரா எது, கெளுத்தி எது என்று எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது. நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். காலையில் ரொட்டி, ராத்திரி மிச்ச ரொட்டி. மத்தியானம் மூலக்குளத்தில் நம் அன்வருதீன் வீட்டில் கூப்பிட்டால் போவேன், கூப்பிடாவிட்டாலும் போவேன். நீ திரும்பி வருகிற ஜூன் இருபதாம் தேதி டிக்கெட்டைக் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் மாற்றப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். நல்லது, அப்படியே செய்யுங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மே பதிமூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை கோரைமேட்டு அந்தோணியார் கோயிலில் தென்னங்கன்று வைத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? வைக்கவில்லை. பொய். முப்பத்தொரு வருஷம் எத்தா சிவில் பதிவு ஆபீசில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளின் பிறப்பைப் பதிவு செய்தவன், ஒரு பிள்ளைக்கும் ஒரு நாள் தள்ளி எழுதாதவன், சொந்தப் பேத்தியின் நேர்த்திக்கடனில் தேதியை மாற்றிவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

ஜெர்லினுக்குச் சுகப்பிரசவம் ஆனால் கன்று வைப்பதாக நேர்ந்துகொண்டது நீ. பிள்ளை பிறந்ததும், “நீங்களே போய் வச்சிட்டு வந்துடுங்க” என்று போனில் உத்தரவு போட்டதும் நீ. எந்த ரயில், எத்தனை மணி, கன்று எங்கே வாங்குவது, எல்லாம் சொன்னாய். எந்தப் பெட்டியில் ஏறுவது என்று மட்டும் சொல்லவில்லை. ஆகையால் பாதிக் குற்றம் உன்மேல்தான்.

நம் ஸ்டேஷனில் உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்கிற பெட்டியில் ஏறுவதுதானே புதுச்சேரிக்காரன் பழக்கம்? நானும் அப்படித்தான் ஏறினேன். வண்டி புறப்பட்டால் அதுதான் கடைசிப் பெட்டி. கன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அதன் ஓலை எதிரே இருந்த அம்மாளின் மூக்கில் நாலு தடவை குத்தியது. நாலு தடவையும் நான் மன்னிப்புக் கேட்டேன். ஐந்தாவது தடவை அவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

வண்டி ஓரிடத்தில் நின்றது. வெளியே பார்த்தால் முள்செடி, சரளைக்கல், ஓர் எருமை. ஸ்டேஷன் இல்லை. “சிக்னல் போடல போல” என்று பக்கத்திலிருந்தவரிடம் பெரிய ரயில்வே அதிகாரி மாதிரி சொன்னேன். அவரும் ஆமாம் என்றார். வண்டி நகர்ந்தது. நகர்ந்த பிறகு என் ஜன்னலுக்கு நேராக ஒரு வேப்பமரம் வந்தது, ஒரு பெஞ்சு வந்தது, டிக்கெட் கொடுக்கிற ஓர் அறை வந்தது, கடைசியாகக் ‘கோரைமேடு’ என்ற பலகை மெதுவாக வந்து போனது. நான் அய்யோ அய்யோ என்று கத்தினேன். அந்த அறையிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, “முன்னாடி பொட்டில ஏறணும்ங்க! மூணு பொட்டிக்குதான் பிளாட்பாரம்!” என்று கத்தினாள். பத்துப் பெட்டி வண்டிக்கு மூன்று பெட்டி நீளத்தில் பிளாட்பாரம் கட்டியிருக்கிறார்கள்.

விழுப்புரம் வரை போனோம், நானும் கன்றும். பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர், “ரெண்டு பேருக்கும் எங்க?” என்று கேட்டார். இந்தக் கோலத்தில் தெருவில் நுழைந்தால் எதிர்வீட்டுக் கிருஷ்ணசாமி பத்து நாள் சிரிப்பார். அதனால் மூலக்குளத்திலேயே இறங்கி அன்வருதீன் வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கும்போதுதான் நீ கூப்பிட்டாய். “வச்சிட்டீங்களா?” என்றாய். வாய் தவறி “ஆச்சு” என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டாயா? போட்டோ அனுப்பச் சொன்னாய்.

உனக்கு வந்த படம் அன்வருதீன் வீட்டுக் கொல்லை. குழி வெட்டியது அவன். “பொய் சொல்றதுன்னா சின்னதா சொல்லுடா, வேர் வுடுற மாதிரியா சொல்லுவ?” என்று திட்டிக்கொண்டேதான் வெட்டினான். அவன் மனைவி ஜீனத்துன்னிசா வாசலில் நின்று, “நேந்துக்கிட்டதுல வெளையாடாதீங்கண்ணே, நல்லதில்ல” என்றாள். நீ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மூலையில் ஏது ஆடு என்று கேட்டாய். கோயில் ஆடு என்றேன். அது பக்ரீதுக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆடு. அன்று சாயங்காலமே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, நம் மெரினின் நேர்த்திக்கடனை அடிவரைக்கும் தின்றுவிட்டது.

மறுநாள் காலையில் நீ கூப்பிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று அழுதாய். ஆனந்தமேரி, இதையெல்லாம் நம்பாத ஆள் நான் என்று உனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாதக் குழந்தை. நான் சொன்ன பொய்க்கு அந்தோணியார் அதைப் பிடித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். அவர் படத்துக்கு முன்னால் போய் நின்று, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும், அவளை விட்டுவிடும் என்று சொன்னேன். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. “நீங்க கன்னு வச்சதாலதான்” என்று சந்தோஷமாகச் சொன்னாயே, அதைவிட நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இருபதாம் தேதி மறுபடி புறப்பட்டேன், புதுக் கன்றோடு. இந்தத் தடவை என்ஜினை ஒட்டியிருந்த முதல் பெட்டியில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்தேன். அது பெண்கள் பெட்டி. வில்லியனூர் வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே ஏறிய மார்க்கெட்டுப் பெண்கள் சொன்னதை எழுதினால் இந்தக் கடிதத்தை நீ பாவசங்கீர்த்தனத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். என் முழங்காலுக்கு ஓட்டம் என்றால் உனக்குத் தெரியும். இரண்டாவது பெட்டியில் கூட்டம், மூன்றாவதில் கதவை அடைத்துக் கொத்தமல்லி மூட்டை. நாலாவதில் ஏறினேன்.

ஒரே ஒரு பெட்டி, ஆனந்தமேரி! கோரைமேட்டில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தின் முனை எனக்கு எதிரே பத்தடி தூரத்தில் இருந்தது. எனக்குக் கீழே ஆளுயரப் பள்ளமும் சரளைக்கல்லும். கன்றைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி இறங்குவது? முதலில் அதை இறக்கிவிடலாம் என்று குனிந்து மெதுவாகக் கீழே போட்டேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கன்று இறங்கிவிட்டது. நான் விழுப்புரம் போனேன்.

நேற்று மூன்றாவது தடவை. அன்வருதீன், “நீ தனியா போனா இது ஆடு சமாச்சாரம் மாதிரிதான் முடியும், நானும் வரேன்” என்று கிளம்பிவிட்டான். இன்னொரு கன்று. இரண்டாவது பெட்டி. அவன் முன்னாலேயே போய் மேல்துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டான். கோரைமேட்டில் நான் கால் வைத்தபோது அது பிளாட்பாரத்தின் மேல்தான் இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டேன். வண்டியிலிருந்தவர்கள் நாங்கள் பல வருஷம் பிரிந்து சேர்ந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

டிக்கெட் அறை வாசலில் ஓர் உடைந்த பக்கெட், அதில் மண், மண்ணில் நான் போட்டுவிட்டுப் போன கன்று. டிக்கெட் கொடுக்கிற கமலா ஒரு வாரமாகத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாள். “எப்படியும் மூணாவது வாட்டி எறங்கிடுவீங்கன்னு தெரியும்” என்றாள். எந்த ஊர், யார் என்று விசாரித்தாள். ஆனந்தமேரி வீட்டுக்காரர் என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கேட்டாள், “அய்ய, நீங்க இருக்கீங்களா?”

உன்னைப் பத்து வருஷமாகத் தெரியுமாம் அவளுக்கு. வருஷத்துக்கு நாலு தடவையாவது தனியாக வருவாயாம், தனியாகப் போவாயாம். வீட்டுக்காரரைப் பற்றி நீயும் பேசியதில்லை, பாவம் என்று அவளும் கேட்டதில்லை. உனக்குப் புருஷன் செத்துப்போய்விட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்வருதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான் முடிந்தது.

நீ உட்கார்கிற பெஞ்சைக் கமலா காட்டினாள். திரும்புகிற வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதாமே, வேப்பமரத்தடியில் எலுமிச்சஞ்சோறு சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயாம். அந்த இடத்தில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புடவை மாற்றிக்கொண்டே, “வர்றீங்களா?” என்று கேட்பாய். பிளாட்பாரம்கூட ஒழுங்காக இல்லாத ஊருக்கு எவன் வருவான் என்பேன். நான் பார்த்ததே இல்லையே அந்த பிளாட்பாரத்தை. நீ சொன்னதை வைத்து உன்னையே கிண்டல் செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கோயிலில் இரண்டு கன்றையும் நட்டோம். மெரினுக்கு ஒன்றுதான் நேர்ந்துகொண்டது, ஆனால் வந்த கன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று கோயில் பிள்ளை சொல்லிவிட்டார். வைத்தவர்தான் வேர் பிடிக்கும்வரை செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், அது அந்த ஊர்ச் சட்டம். பிறகு ஒரு நோட்டை நீட்டினார். தேதி, பெயர், என்ன வேண்டுதல் என்று மூன்று கட்டம். ரெஜிஸ்தரைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? முதல் வரியில் 27.05.2025, மெரின், சுகப்பிரசவத்துக்கு நன்றி என்று என் பழைய கையெழுத்தில் எழுதினேன். சரியான தேதி. இனி யாரும் திருத்த முடியாது.

இரண்டாவது கன்று யார் பெயருக்கு என்று கோயில் பிள்ளை கேட்டார். உன் பெயரை எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதினேன் என்று அன்வருதீனுக்குக்கூடக் காட்டவில்லை. நீ வந்து பார்த்துக்கொள்.

ஜெர்லினிடம் கேட்டுப் பார். குழந்தைக்கு நீ வேண்டும் என்றால் இரு, நான் கோபப்பட மாட்டேன். ஆனால் டிக்கெட்டை மாற்ற நான் சரி என்று சொன்னதும் கோயில் ஆடு மாதிரி ஒரு பொய்தான். இந்தக் கடிதத்தில் அதையும் சேர்த்து மன்னித்துவிடு. என் பெயரால் மெரின் நெற்றியில் ஒரு சிலுவை போடு. அந்தோணியார் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

ஜூன் இருபத்துநாலும் செவ்வாய்க்கிழமைதான். இரண்டாவது பெட்டியில் ஜன்னலோரம் துண்டு போட்டு வைக்கிறேன். கமலாவிடம் நான் உயிரோடு இருப்பதை நீயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உன்,
பிரகாசம்